பக்ஷிராஜனின் கோபம் சரி, அலைவரிசைதான் தவறு

சென்ற வாரம் ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் தோசை கட்டித் தரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் என் பழைய மாணவர்கள் நான்கு பேர். தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது, பேச்சு சூடேறிக்கொண்டிருந்தது. இயக்குநர் ஷங்கர் ‘3.0’ எடுப்பாரா, எடுத்தால் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் விவகாரம். “2.0 முடியறப்ப குட்டி ரோபோவைக் காட்டுனாங்கல்ல, அதுதான் ஹீரோ” என்றான் ஒருவன். “சிட்டி இல்லாம படமா?” என்றான் மற்றவன். மூன்றாமவன் பட்ஜெட்டில் நின்றான். 2.0க்கு 500 கோடி ரூபாய் என்றார்கள், இனி ஆயிரம் கோடி இல்லாமல் முடியாது என்பது அவன் கணக்கு. நான்காமவன் என் பக்கம் திரும்பினான். “நீங்க சொல்லுங்க டீச்சர், அடுத்த படத்துல வில்லன் யாரா இருக்கணும்?”

அந்த நேரத்தில் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். அந்த நால்வரைப் போல அடுத்த பாகத்துக்காகக் காத்திருக்கும் வாசகர்கள் நம்மிடையே நிறைய உண்டு என்பது எனக்குத் தெரியும்.

நான் இந்தப் படங்களுக்கு எதிரியல்ல. ‘எந்திரன்’ பாடல்கள் 2010 ஜூலை 31ஆம் தேதி நம் நாட்டில்தான் வெளியிடப்பட்டன. அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன், தோழிகளோடு முதல் வாரமே படத்தைப் பார்த்தேன். இன்றும் வகுப்பில் அதைப் பேசுகிறேன். தீ விபத்துக் காட்சி நினைவிருக்கிறதா? குளித்துக்கொண்டிருந்த பெண்ணை நெருப்பிலிருந்து தூக்கிவந்து, அப்படியே கேமராக்களுக்கு முன்னால் நிறுத்துகிறது சிட்டி. உயிரைக் காப்பாற்று என்பது கட்டளை, காப்பாற்றிவிட்டது. மானம் என்றால் என்னவென்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. அவள் அவமானம் தாங்காமல் ஓடி, வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். செயற்கை நுண்ணறிவுக்கு நாம் சொல்வது ஒன்று, சொல்ல நினைப்பது வேறொன்று என்ற சிக்கலை இதைவிட எளிதாக நான் விளக்கியதில்லை. வசனத்தில் பங்கேற்ற சுஜாதா, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பணியாற்றிய பொறியாளர். படம் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2008இல் காலமானார். அந்தப் படம் ஒரு கேள்வியைக் கேட்டது.

2018 நவம்பர் 29இல் வந்த ‘2.0’ கேள்வி கேட்கவில்லை, தீர்ப்பு எழுதியது. கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சு சிட்டுக்குருவிகளைக் கொல்கிறது. பறவைகளை நேசித்த பக்ஷிராஜன் கோபுரத்திலேயே தூக்கில் தொங்கி, ஒளித்துகள்களின் உருவில் பழிவாங்கத் திரும்புகிறார். ஒளித்துகளுக்கு மின்னூட்டமே கிடையாது, அதை நேர், எதிர் என்று பிரிக்க முடியாது. அது போகட்டும். பறக்கும் எந்திரனை ரசிப்பவள் இதற்கெல்லாம் சண்டைக்குப் போகக்கூடாது. ஆனால் குருவிகள் விஷயம் அப்படியல்ல. மக்கள் அதைக் கதையென்று எண்ணி விட்டுவிடவில்லை. செய்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு எப்படித் தெரியும்? நானே ஒரு கையெழுத்துப் போட்டேன்.

2019இல் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் ஒரு தொலைத்தொடர்பு கோபுரம் வரப்போவதாகத் தெரிந்தது. எதிர்ப்பு மனு சுற்றுக்கு வந்தது. மனுவைக் கொண்டுவந்த ஐயா, “2.0 பார்த்தீங்கள்ல டீச்சர்?” என்றுதான் பேச்சையே தொடங்கினார். அவரோடு வாதாட எனக்கு மனமில்லை, தினமும் மின்தூக்கியில் முகம் பார்க்க வேண்டியவர். இயற்பியல் படித்துவிட்டு, படித்ததை மடித்து வைத்துக் கையெழுத்திட்டேன். கோபுரம் வரவில்லை. அடுத்த மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. எங்கள் புளோக்கில் குடியிருந்த என் மாணவி ஒருத்தி, இணைய வகுப்புக்காக ஒன்பதாவது மாடிப் படிக்கட்டில் போய் உட்காருவாள். வீட்டுக்குள் அலை கிடைக்காது. அவள் படம் உறைந்து உறைந்து திரையில் தெரியும்போதெல்லாம் என் கையெழுத்துதான் ஞாபகத்துக்கு வரும். அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனில் 5ஜி கோபுரங்களுக்கே தீ வைத்தார்கள். அவர்கள் தமிழ்ப் படம் பார்த்தவர்கள் அல்லர். பயம் ஒன்றுதான், மொழிதான் வேறு.

இப்போது அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது. ஐந்தாம் படிவ இயற்பியலில் குவாண்டம் பாடம் வருகிறது. அதிர்வெண் கூடக்கூட ஒளித்துகளின் ஆற்றல் கூடும் என்பதுதான் அதன் அடிப்படை. 1800 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலையின் ஒரு துகளைவிட, நம் வீட்டு விளக்கின் பச்சை ஒளித்துகளுக்குச் சுமார் மூன்று லட்சம் மடங்கு ஆற்றல் அதிகம். அந்த விளக்கே மரபணுவை உடைப்பதில்லை. மிக வலுவான வானொலி அலை உடலைச் சூடாக்கும், உண்மைதான். அதற்காகத்தான் பாதுகாப்பு வரம்புகள் இருக்கின்றன. 2011இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை ‘2பி’ பிரிவில் சேர்த்தது. காரணமாக இருக்கக்கூடும், ஆனால் ஆதாரம் போதவில்லை என்பது அதன் பொருள். அதே பிரிவில் ஆசியப் பாரம்பரிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் இருக்கின்றன. (நம் மாங்காய் ஊறுகாயைத் தேடாதீர்கள்.)

எனக்குக் குடைச்சல் தந்த செய்தி வேறு. கோபுரம் தொலைவில் இருந்தால், அதை எட்டுவதற்காக நம் கையிலிருக்கும் கைப்பேசி அதிக வலுவோடு அலையை அனுப்பும். கோபுரத்தின் அலையோ தூரத்தோடு வேகமாகத் தேய்ந்துவிடும். ஆகவே அலையைக் குறைக்க நினைத்து நாங்கள் போட்ட மனு, காதோரத்தில் அலையைக் கூட்டியிருக்கலாம்.

சரி, குருவிகள்? பிரிட்டனில் சிட்டுக்குருவிகள் 1970களின் பிற்பகுதியிலிருந்தே குறையத் தொடங்கிவிட்டன. அங்கே கைப்பேசிச் சேவை வந்ததோ 1985இல். விளைவு வந்த பிறகு காரணம் வராது. இந்தியாவில் 2020இல் வெளியான பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. கோபுரக் கதிர்வீச்சுக்கு ஆதாரமில்லை என்றும், குஞ்சுகளுக்கு வேண்டிய பூச்சிகளும் கூடுகட்ட இடமும் குறைந்ததே காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னது. ஓட்டு வீட்டை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் கட்டியவர்கள் நாம். பழியைக் கோபுரத்தின் மேல் போட்டால் மனது இலகுவாகிறது.

படம் வரும் முன்பே இந்தியக் கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. நிறுவனம் சொல்வதால் ஒன்று பொய்யாவதுமில்லை, மெய்யாவதுமில்லை. படத்தைத் தடுப்பதும் பதிலல்ல.

இனி அந்த நால்வருக்கும் நான் சொல்ல நினைத்த கதை. 2014இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வலசை போகும் ஐரோப்பிய ராபின் பறவைகள் பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து திசை அறிபவை. பல்கலைக்கழக வளாகத்து மரக்குடில்களில் வைத்தபோது அவற்றுக்குத் திசையே தெரியவில்லை. குடிலை அலுமினியத் தகடுகளால் மூடி, தரையோடு மின்னிணைப்புக் கொடுத்தார்கள். உடனே திசை திரும்பக் கிடைத்தது. தகடு வேலை செய்கிறதா இல்லையா என்பது சோதிப்பவர்களுக்கே தெரியாத முறையிலும் செய்து பார்த்தார்கள், முடிவு மாறவில்லை. ஊருக்கு வெளியே, மின்காந்த இரைச்சல் இல்லாத இடத்தில், தகடு இல்லாமலே பறவைகள் சரியாகத் திரும்பின.

அப்படியானால் பக்ஷிராஜன் சொன்னது உண்மையா? அதுதான் வேடிக்கை. குழப்பிய அலைகள் 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை. பழைய ஏ.எம். வானொலியும் பலவகை மின்சாதனங்களும் கிளப்பும் இரைச்சல் அது. நம் கைப்பேசிகள் 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. மனிதன் பறவையின் வழியைக் கெடுக்கிறான் என்ற அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. தவறான கோபுரத்தில் ஏறிவிட்டார். அந்தப் பறவைகளும் செத்து விழவில்லை, திசைதான் தடுமாறின. இவ்வளவு வலு குறைந்த அலை காந்த உணர்வை எப்படிக் கெடுக்கிறது என்பது இன்னமும் முழுதாக விளங்காத புதிர்.

இதைவிட நல்ல முடிச்சு எந்தத் திரைக்கதைக்குக் கிடைக்கும்? ‘3.0’ பழைய வழக்கை மறுபடி திறக்கட்டும். குட்டி ரோபோ தகடு போட்டும் எடுத்தும் சோதித்துப் பார்க்கட்டும். வசீகரன் ஒரு காட்சியிலாவது “நான் நினைத்தது தப்பு” என்று சொல்லட்டும். ‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்துக்கு கிப் தோர்ன் என்ற இயற்பியலாளர் கூடவே இருந்தார், 2017இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சென்னையில் ஐ.ஐ.டி. இருக்கிறது, கணிதவியல் கழகம் இருக்கிறது. ஆயிரம் கோடிக் கணக்கில் ஓர் ஆய்வாளரின் சம்பளம் எந்த மூலைக்கு?

இந்த மாதம் எங்கள் புளோக்கில் மறுபடியும் ஒரு மனு சுற்றுகிறது, அதே கோபுரத்துக்காக. அதே ஐயாதான் கொண்டுவந்தார். அலை அளவை எடுத்த அறிக்கை இருந்தால் காட்டுங்கள் அண்ணே, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “அறிக்கை எங்க கிடைக்கும் டீச்சர்?” என்று கேட்டார். சனிக்கிழமை இருவரும் விசாரிக்கப் போகிறோம்.