மாவுக்கும் போர்வை உண்டு

கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் ஒரு வகை எழுத்து நம் இதழ்களில் தவறாமல் வந்துவிடும். இழுத்துப் போர்த்திக்கொண்ட விடியல், ஆவி பறக்கும் சுக்குக் காபி, நெய் மணக்கும் வெண்பொங்கல், வாசல் நிறையக் கோலம். படிக்கச் சுகமாகத்தான் இருக்கும். ஒரு கேள்வி மட்டும் அதில் வராது: அந்தக் காபியைப் போட்டது யார்?

வீட்டின் கதகதப்பு தானாக வருவதில்லை. ஒருத்தி போர்வையை விட்டு எல்லோருக்கும் முன்பாக எழுந்ததால் வருகிறது.

மார்கழியில் வீட்டு வேலை எப்படிப் பெருகுகிறது என்று பாருங்கள். இட்லி மாவு பொங்காது. முன்கூட்டியே அரைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். உறைய வேண்டிய பால் உறையாது, உறையக் கூடாத தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். பள்ளிச் சீருடை காயாது. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து ஈரத்தை எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வெந்நீர், சளி பிடித்த பிள்ளைக்கு ஓமவல்லிக் கஷாயம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வாசல் தெளித்துக் கோலம்.

எங்கள் வீட்டில் அம்மா மாவுச் சட்டியைத் தன் பழைய சேலையால் சுற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பார். நாங்கள் எழும்போது மாவு பொங்கியிருக்கும். அம்மா ஈரத் தலையுடன் வாசலில் குனிந்திருப்பார். மாவுக்குக்கூடக் குளிரும் என்று தெரிந்த வீட்டில் அம்மாவுக்குக் குளிரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தெளித்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று வெடித்த அவர் பாதங்களுக்குப் ‘பித்தவெடிப்பு’ என்று பெயர் சொல்லிவிட்டு நாங்கள் பொங்கல் சாப்பிட்டோம்.

“ஆசையாகத்தானே செய்கிறார்கள்” என்பார்கள். கோலம் ஒரு கலை. விரும்பிப் போடுகிறவளின் கோலத்துக்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாள் அவள் போடாமல் இருந்து பார்க்கட்டும். “வீட்டில் பொம்பளைங்க இல்லையா?” என்று தெரு கேட்கும். அந்த வீட்டு ஆண்களை அது எதுவும் கேட்காது. செய்யாமல் இருக்க அனுமதி இல்லாத ஒன்றை ஆசை என்று எப்படிச் சொல்வது?

2024இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இந்த 88 நிமிடமும் எல்லா ஆண்களுடைய சராசரி அல்ல, வீட்டு வேலை செய்த ஆண்களுடையது மட்டும். கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. அவளும் உழைத்தாள் என்பதை நிலைநாட்ட ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

கையில் காசு இருக்கும் வீடுகளில் இந்தக் குளிர் இன்னொரு பெண்ணின் தலையில் இறங்குகிறது. அடுக்ககங்களில் நான்கு வாசலுக்குக் கோலம் போட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடுகிறாரே, அந்த அக்காவின் பிள்ளைக்கு யார் வெந்நீர் வைத்தார்கள்? சம்பளம் கொடுத்து வேலைக்கு வைப்பது தவறில்லை. ஆனால் அதை ஆண் பங்கெடுத்ததாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும்போது பெண்கள் அடுப்படியில் மிளகு பொரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் முப்பது பாசுரங்களில் ஆண்டாள் தோழிகளை எழுப்புவது சமைப்பதற்காக அல்ல. கூட்டமாக வெளியே போய் நீராட எழுப்புகிறாள். நோன்பின் நிறைவில் எல்லோரும் கூடியிருந்து நெய் வழியும் பாற்சோறு உண்கிறார்கள். பெண்ணை விடியலில் எழுப்புவதை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். கூடி வெளியே போவதையும் கூடி உண்பதையும் விட்டுவிட்டோம்.

ஆகவே, ‘உதவி’ என்ற சொல்லை முதலில் கைவிடுவோம். உதவி என்று சொன்னாலே, வேலை அவளுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். விடியல்களைப் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும். அவர் எழும் நாளில் இவள் போர்வைக்குள் இருக்க வேண்டும், குற்றவுணர்ச்சி இல்லாமல்.

விடுதியிலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பும் தோழிகளே, அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் எழுந்துகொள்வது தீர்வல்ல. அப்போதும் வேலை ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குத்தான் போகிறது. இந்த மார்கழியில் நாம் எழுப்ப வேண்டியவர்கள் வேறு. தம்பியை எழுப்புங்கள். அப்பாவை எழுப்புங்கள். “பாவம், தூங்கட்டும்” என்று அம்மாவே தடுப்பார். “நீ தூங்கும்மா” என்று சொல்லி, அவருக்கு இன்னொரு போர்வையைப் போர்த்திவிடுங்கள்.