ஏழாம் நாளும் விரதமே

கொள்ளுப்பிட்டியிலே கோப்புகளோடு போராடும் உத்தியோகத்தர் சிகரெட்டை நாடுகின்றார். யாழ்ப்பாணத்துத் தோட்டத்திலே வியர்வை சிந்தும் கமக்காரர் பாக்கையும் புகையிலையையும் வாயில் அடக்குகின்றார். இருவர் சொல்வதும் ஒன்றே: "விட முடியவில்லை."

நாம் இதனை ஏற்கமாட்டோம். கந்தசஷ்டி வந்தால் இவர்களுட் பலர் ஆறு நாட்கள் இவற்றைத் தீண்டுவதில்லையே! புகையிலையை விட்டவருக்கு முதல் மூன்று நாட்களே மிகக் கடுமையானவை என்பது மருத்துவம் கண்ட உண்மை. அக்கடுமையைக் கந்தன் பெயரால் கடந்தவர், பாரணை முடிந்ததும் பழைய விலங்கைத் தாமே பூட்டிக்கொள்வது என்ன நியாயம்?

புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூல் உரைக்கின்றது. இலங்கை ஆடவரிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்பது தற்செயலன்று.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாதோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடுக்கின்றது. தந்தையின் கையைத் தடுக்க எச்சட்டமும் இல்லை; அங்கே விரதமே சட்டம்.

ஆதலால் அன்பர்காள், ஏழாம் நாட் காலையிலும் நீராடி வழிபடுங்கள்; சிறிது தூரம் நடவுங்கள்; வெற்றிலைத் தட்டத்தைக் கண்ணிற் படாது அகற்றுங்கள். வேட்கை எழுந்தால் சில நிமிடம் பொறுங்கள், அது தணியும். ஆறு நாள் முடிந்தது ஏழாம் நாளும் முடியும்.