கொடி பிடிப்பவர் கை நடுங்கலாமா?

முந்திச் செல்வது பந்தயம். முட்டித் தள்ளிவிட்டு முந்துவதற்குப் பந்தயம் என்று பெயரில்லை. ஊர் வழக்கில் அதற்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரை அஞ்சாமல் சொல்வதற்கென்றே களத்தில் ஒருவர் நிறுத்தப்பட்டிருக்கிறார். அவர்தான் நடுவர். அவர் கையில் கொடி உண்டு, விதிநூல் உண்டு, அதிகாரம் உண்டு. உயர வேண்டிய நேரத்தில் அந்தக் கொடி உயராவிட்டால், அல்லது ஆளைப் பார்த்து உயர்ந்தால், என்ன ஆகும்? ஓட்டுபவன் செய்யும் தவறு ஒரு பந்தயத்தைக் கெடுக்கும். நடுவர் செய்யும் தவறோ பந்தயம் என்பதையே கெடுத்துவிடும்!

"மோட்டார் பந்தயம் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, தொழிலாளிக்கு அதில் என்ன வேலை?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் காரும் மோட்டார் சைக்கிளும் செய்து அனுப்பும் கைகள் நம்முடைய கைகள். சோழவரத்தில், போர்க்கால விமானத் தளத்தில் முன்னாளில் நடந்த பந்தயமும், 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களமும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணில் அமைந்தவையே. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் பைக் பந்தயம் ஓட்டி விழுகிறவர்களிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவேதான் எழுதுகிறோம்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று ஒன்று உண்டு. கடையில் விற்கும் காரின் உருவத்தை ஒத்த கார்கள் ஓடும் பந்தயம் அது. டேடோனா என்ற கடற்கரை ஊரில், ஒரு பக்கம் கடல் மணலிலும் மறு பக்கம் கடலோரச் சாலையிலுமாக அதை ஓட்டினார்கள். 1948-இல் 'நாஸ்கார்' என்ற அமைப்பு பிறந்தது. 1959-இல் பந்தயம் மணலை விட்டுத் தனிக் களத்திற்குப் போயிற்று. விதியும் நடுவரும் பெருகினர். ஆனால் நேர்மை பெருகியதா?

2024 ஆகஸ்ட் 11-ஆம் நாள், ரிச்மண்ட் களம். கடைசிச் சுற்றில் ஆஸ்டின் டில்லன் என்பவர் முன்னே சென்ற ஜோயி லொகானோவின் காரை இடித்துச் சுழல விட்டார். அடுத்துவந்த டென்னி ஹாம்லினின் காரையும் இடித்துச் சுவரில் மோத விட்டார். கோட்டைக் கடந்தார், கோப்பையும் பெற்றார்! மூன்று நாள் கழித்து நாஸ்கார் தீர்ப்புச் சொன்னது. வெற்றி அவருக்கே உண்டாம். ஆனால் அந்த வெற்றியால் கிடைக்கும் இறுதிச் சுற்றுத் தகுதி மட்டும் இல்லையாம்! மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு நின்றது. தாலி கட்டிய பிறகு பொருத்தம் பார்த்த கதை இது. குற்றம் என்றால் கோப்பை ஏன்? குற்றமில்லை என்றால் தண்டனை ஏன்?

இனி நம்மவர் கதைக்கு வருவோம். 2012 மார்ச் 25-ஆம் நாள், மலேசியாவில் செப்பாங் களத்தில் ஃபார்முலா 1 பந்தயம். கோவைத் தமிழர் நரேன் கார்த்திகேயன், வசதியில் மிகவும் பின்தங்கிய அணி ஒன்றின் காரை ஓட்டினார். அன்று அவரோடு மோதியவர்கள் இருவர். இருவருமே உலகப் பட்டம் வென்றவர்கள். ஜென்சன் பட்டன் மோதினார்; தவறு தம்முடையதே என்று ஒப்புக்கொண்டார். அது வீரனின் பண்பு! செபாஸ்டியன் வெட்டலோ, கார்த்திகேயனை ஒரு சுற்று முந்திச் செல்கையில் உரசித் தம் டயரை இழந்தார். விரலை உயர்த்திக் காட்டினார். பந்தயம் முடிந்தபின் வசையும் பேசினார். நடுவர் குழு என்ன செய்தது? மோதலுக்குக் காரணம் கார்த்திகேயனே என்று 20 விநாடி தண்டனை விதித்தது. வேகமாக வருகிறவருக்கு மெதுவாகச் செல்கிறவர் வழிவிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உரசலுக்குத் தண்டனை உண்டு, சாம்பியனின் விரலுக்குத் தண்டனை இல்லை என்றால், அந்தத் தராசின் முள் எந்தப் பக்கம் சாய்கிறது? கடைசி வரிசைக்காரனுக்கு ஒரு சட்டம், முதல் வரிசைக்காரனுக்கு இன்னொன்றா? ஆலைக்குள்ளே இத்தகைய தராசைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல!

இங்கே, நம் இருங்காட்டுக்கோட்டையில், 2023 ஜனவரி 8-ஆம் நாள் தேசியக் கார் பந்தயத்தில் இரு கார்கள் உரசின. 59 வயது அனுபவசாலி ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள், அதே களத்தில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். யார்மீதும் நாம் பழி சுமத்தவில்லை. உயிர் போன ஒவ்வொரு விபத்திலும் விசாரணை அறிக்கை பொதுமக்கள் படிக்கும்படி வெளிவர வேண்டும் என்கிறோம்; எந்த வயதில் எந்த வேகத்திற்கு அனுமதி என்பதும் தெளிவாக வேண்டும் என்கிறோம். அறையை மூடிக்கொண்டு சொல்லும் தீர்ப்பு எவ்வளவு நல்ல தீர்ப்பானாலும் ஊர் நம்பாது.

நடுவர் உறுதியாக நின்றால் எதுவும் நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2024 ஆகஸ்ட் 31-ஆம் நாள், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவுக் கார் பந்தயம் நடந்தது. சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்று வரத் தாமதமாயிற்று. கூட்டம் காத்திருந்தது, கார்களும் காத்திருந்தன. சான்று வந்த பிறகே பந்தயம்! அதுவல்லவா முறை?

நடுவர் தவறியதையும் தவறாததையும் சொன்னோம். நடுவரே இல்லாத பந்தயம் ஒன்று நம் கடற்கரைச் சாலையில் நடக்கிறதே, அதற்கு என்ன சொல்வது? அங்கே கொடி இல்லை, வேலி இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவரும், விடியுமுன் கடலுக்குப் போக சாலையைக் கடக்கும் மீனவரும் அந்தப் பந்தயத்தில் சேராமலே சிக்கிக்கொள்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு, அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் கூடாது என்கிறது. முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்றும் சொல்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் போலீசார் பிணம் விழுந்த பிறகு வந்து சாக்குக்கட்டியால் கோடு போடுவது நடுவர் வேலையாகுமா?

பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. வேக ஆசை இளமையின் குணம். தவணையில் வண்டி வாங்கிய பையனுக்குப் பந்தயக் களத்தின் கதவு திறந்திருக்கிறதா? திறக்க வேண்டும்! மாதத்தில் சில நாட்களேனும், ஏழைக்கும் எட்டும் கட்டணத்தில், தலைக்கவசமும் பயிற்சியும் கொடுத்து, தமிழில் அச்சிட்ட விதிநூலோடு களத்தில் ஓட விடட்டும். சாலையில் ஓடினால், விபத்து நேருமுன்பே தடுக்கட்டும். தொழிலாளி மகனாயினும் முதலாளி மகனாயினும் ஒரே பிரிவின்கீழ் வழக்குப் போடட்டும்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு வண்டி நிற்கும். அதன் சாவி ஒரு பிள்ளையின் கையில் இருக்கும். இன்றிரவே அவனோடு பேசுங்கள். பயமுறுத்தாதீர்கள், விதி என்பது வீரத்திற்கு விலங்கல்ல, வேலி என்று சொல்லுங்கள். நாளை சங்கக் கூட்டத்தில், களத்தைத் திறக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.

வேகம் வேண்டும், விதியும் வேண்டும். விதியைக் காக்க, ஆளைப் பார்த்து நடுங்காத ஒரு கையும் வேண்டும்!