கடை திறந்த கை மருத்துவமனையும் திறக்கட்டும்!



'குடி' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. குடும்பமும் குலமும் நாட்டு மக்களும் குடி. வெறியூட்டும் நீரைப் பருகுவதும் குடி. முன்னதைப் பின்னது அழிக்கும் என்பதைக் 'குடி குடியைக் கெடுக்கும்' என்று மூன்றே சொற்களில் நம் மக்கள் அடக்கி வைத்தனர். ஆனால், குடி கேடு என்று எச்சரிக்கையும் எழுதி ஒட்டி, அந்தப் புட்டியைத் தானே விற்றுப் பொருளீட்டும் அரசை அவர்கள் கனவிலும் கண்டிரார்!

கடையை மூடு என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவது சரியே, ஓய்தல் கூடாது. ஆனால், அக் கடையால் நோயுற்று விட்டவன் வீட்டுக்குள் நாம் என்றேனும் நுழைந்ததுண்டா? இக் கேள்வியை ஆட்சியாளரிடம் மட்டுமன்று, நம்மிடமும் கேட்கவே இதனை எழுதுகின்றேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் பயின்றாள் ஒரு மாணவி. திங்கட்கிழமைதோறும் பள்ளிக்கு வாராள். கரணியம் வினவியபோது தலை கவிழ்ந்தாள். தந்தை பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர். கிழமைக் கூலி கைக்கு வந்தால் கடைக்குப் போகும். ஞாயிறு இரவு வீட்டில் அடியும் அழுகையும். மறுநாள் தாய்க்குத் துணையாக மகள் வீட்டிலிருப்பாள். ஒருநாள் அவளே முகமலர்ந்து வந்தாள். "ஐயா, அப்பா குடியை விட்டுவிட்டார்! கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார்!" என்றாள். நானும் மகிழ்ந்தேன். பாராட்டி அனுப்பினேன்.

இரண்டாம் நாள் அம் மனிதர் வலிப்பு வந்து விழுந்தார். மூன்றாம் நாள் சுவரில் இல்லாத பூச்சிகளைக் கையால் தட்டினார். மனைவியைப் பார்த்து யாரென்று கேட்டார். உறவினர் சாமிக் குற்றம் என்றனர், வேப்பிலை அடித்தனர். மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அவர் வாங்கிய முன்பணத்திற்காக அச் சிறுமி இன்று அதே தறிக்கூடத்தில் தார் சுற்றுகின்றாள்.

அவரைக் கொன்றது குடியா? குடியை விட்டதா? இரண்டினும் கொடிய நம் அறியாமையே அவரைக் கொன்றது. மகிழ்ந்து பாராட்டிய எனக்கும் அக் கொலையில் பங்குண்டு.

அறிந்து கொள்ளுங்கள்! நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவனின் மூளை, சாராயத்தின் மயக்கத்தை எதிர்த்துத் தன்னை முடுக்கி வைத்துப் பழகிவிடுகிறது. சாராயத்தைத் திடுமென நிறுத்தினால் அம் முடுக்கம் தடையின்றிப் பாய்கிறது. சில மணி நேரத்தில் கைந்நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். இரண்டு நாளுக்குள் சிலர்க்கு வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலர்க்குப் பிதற்றலும் இல்லாதன காணலும் நேரும். மருத்துவம் இன்றேல் உயிர் போதலும் உண்டு. இது பேயுமன்று, சாமிக் குற்றமுமன்று. மருத்துவமனையில் வைத்து, நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து, அதனை நாளுக்கு நாள் குறைத்து வந்தால் இவ்விடரைத் தாண்டலாம். நெடுநாள் குடித்தவனுக்குத் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் ஊசிவழி ஏற்றல் வேண்டும். அது குறைந்தால் நினைவாற்றலே மீளாது அழிந்துபடக் கூடும். இவை கிடைத்தற்கரிய மருந்துகளல்ல, மலிவானவை.

கயிறு கட்டுவோரை நான் பழிக்க வரவில்லை. மன உறுதிக்கு அஃது உதவுமெனின் உதவட்டும். ஆனால், கயிறு கட்டும் கை முதலில் மருத்துவனின் கையைப் பற்றட்டும்!

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. குடியை வெறுக்கச் செய்யும் மாத்திரை என்று டைசல்பிரத்தை வாங்கி, கணவன் அறியாமல் குழம்பில் கலக்கும் பெண்கள் உள்ளனர். அவர்தம் துயரம் புரிகிறது. ஆயினும், அம் மருந்து உடலில் இருக்கையில் குடித்தால் முகஞ்சிவந்து, வாந்தியெடுத்து, குருதி அழுத்தம் வீழ்ந்து உயிர்க்கே ஊறு நேரலாம். குடிப்பவன் அறிந்து, இசைந்து, மருத்துவர் கண்காணிப்பில் உண்ணவேண்டிய மருந்து அது. மறைவில் கலந்தால் மருந்தும் நஞ்சே! உள்ளடக்கம் இன்னதென்றே கூறாமல் சுவரொட்டியில் விலை கூவும் பொடிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

திருவள்ளுவப் பேராசான் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். குடித்து மயங்கியவனுக்குக் கரணியம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்கடியில் மூழ்கியவனை விளக்குக் கொண்டு தேடுவது போலும் என்று அவர் உவமை காட்டினார். நம் மேடைப் பேச்சாளர்கள் இதனைக் 'குடியன் திருந்தான்' என்று பொருள்படுத்திக் கைவிரிக்கின்றனர். நான் அவ்வாறு கொள்ளேன். மூழ்கியவனுக்கு விளக்கு உதவாது. நீருள் இறங்கி இழுக்கும் கை வேண்டும். அறவுரையே மருந்தாகாது என்பதன்றோ அவ்வுவமை நமக்குத் தரும் பாடம்? அமெரிக்க மருத்துவக் கழகம் 1956-இல் குடிப்பழக்கத்தை நோயென ஏற்றது. நாமோ இன்றும் 'குடிகாரன்' என்று காறி உமிழ்கிறோம். 'குடிநோயர்' என்று சொல்லிப் பழகுங்கள். சொல் மாறினால் நோக்கு மாறும். நோக்கு மாறினால் அவனை இழுத்துச் செல்லும் இடமும் காவல் நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு மாறும்.

இனி ஆட்சியாளரிடம் வருவோம். இந்தச் சேலத்து மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் நிறுவி, மதுவிலக்கிற்காக 'விமோசனம்' என்னும் தாளிகை நடத்திய இராசகோபாலாச்சாரியார், சென்னை மாகாண முதலமைச்சரானதும் 1937 அக்தோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்திலேதான் முதன்முதல் மதுவிலக்கைக் கொணர்ந்தார். இன்றைய நாமக்கல்லும் அன்று அம் மாவட்டத்துள் அடங்கியதே. இந்தியைத் திணித்த ஆச்சாரியாரை நாம் எதிர்த்தோம். இன்றும் அத் திணிப்பை மன்னியோம். அதற்காக அவர் செய்த நல்லதை இல்லையென்போமா? கள்ளுக்கடை வருவாய் போன பள்ளத்தை நிரப்ப அவர் 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். பின்னர் என்ன நடந்தது? மதுவிலக்குப் போர்க்காலத்தில் கைவிடப்பட்டது, 1948-இல் மாகாணம் முழுதும் வந்தது, 1971-இல் தளர்ந்தது, மீண்டும் இறுகியது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் மொத்த விற்பனைக்கென ஓர் அரசு வாணிபக் கழகமே தோன்றியது. 2003-இல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்தத் தொடங்கியது. பள்ளத்தை நிரப்ப வந்த வரியோ பெயர் மாறியும் உருமாறியும் இன்றும் தண்டப்படுகிறது! கடையை மூடியதற்காக வரி; இன்று கடையும் உண்டு, வரியும் உண்டு. 2023-24-இல் குடியால் அரசுக்கு வந்தது 45,000 கோடி உருவாவிற்கு மேல். இக் கணக்கில் எம் மாணவியின் தந்தை விட்ட கூலியும் இருக்கிறது.

கடையை மூடினால் கள்ளச் சாராயம் பெருகும் என்பது ஆட்சியாளர் விடை. கடைகள் திறந்திருந்தபோதே 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதே! அவருள் பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தானே தூக்கி வந்தனர்? கடைகளை எதிர்த்து அலைபேசிக் கோபுரத்தின் மேலேறிப் போராடி, 2015 சூலை 31-இல் குமரி மாவட்டத்து உண்ணாமலைக்கடையில் உயிர் நீத்த சசிபெருமாள் இச் சேலத்து மண்ணின் மகனன்றோ? முதலில் மதுவிலக்குக் கண்ட மாவட்டம், அதனைக் கேட்டு மடிந்தவனையும் தந்தது.

ஆகலின் நாம் கேட்பது இது. கடைகளைப் படிப்படியாக மூடுக; மூடும் வரை, அவ் வருவாயில் ஒரு பங்கை அதனால் நோயுற்றோர்க்கென்றே ஒதுக்குக. வட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் குடிநோயர்க்குப் படுக்கையும், பயின்ற மருத்துவரும், குடும்பத்தார்க்கு அறிவுரைஞரும் அமர்த்துக. தறிக்கூடத்திலிருந்தும் சரக்குந்துப் பட்டறையிலிருந்தும் கோழிப்பண்ணையிலிருந்தும் வருபவன், நாட்கூலி இழந்து நெடுந்தொலைவு அலைதல் கூடாது. கூடாத கனவன்று இது. குடியால் கணவனை இழந்த சாந்தி அரங்கநாதன் என்னும் பெண்மணி 1980-இல் சென்னையில் குடிநோயர்க்கென ஒரு மருத்துவ நிறுவனம் தொடங்கி, குடும்பத்தார்க்கும் சேர்த்தே மருத்துவம் செய்து காட்டினார். ஒரு பெண் செய்ததைக் கோடிகளில் புரளும் அரசு செய்தலாகாதா?

இறுதியாக, அவ்வீட்டுப் பெண்களுக்கு ஒரு சொல். அம்மா! அவர் குடிப்பதற்கு நீங்கள் கரணியமல்லர். அவர் கடனை அடைப்பதும், முதலாளியிடம் அவருக்குக் காய்ச்சல் என்று பொய்யுரைப்பதும் அவரைக் காப்பதாகத் தோன்றும். நோயை வளர்க்கவே செய்யும். அடித்தால் பிள்ளைகளோடு விலகிச் செல்லுங்கள், அது மானக்கேடன்று. அவர் தெளிந்திருக்கும் காலைப்பொழுதில், சண்டையின்றி, மருத்துவமனைக்கு அழையுங்கள். 14446, 14416 என்னும் உதவி எண்களுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். மீண்டவர்களே கூடி ஒருவர்க்கொருவர் தோள் கொடுக்கும் ஏ.ஏ. குழு 1935-இல் அமெரிக்காவில் தோன்றித் தமிழகத்திலும் இயங்குகிறது. குடும்பத்தார்க்கென அல்-அனான் குழுவும் உண்டு. மீண்டவர் ஒருமுறை வழுக்கினால் எல்லாம் போயிற்றென்று எண்ணாதீர்கள். நீரிழிவு மீண்டும் ஏறினால் மருந்தை விட்டு விடுகிறோமா?

தமிழ் காப்போம் என்று உறுதி பூண்டவர்களே! தமிழைப் பேச நாளை ஒரு குடி இருத்தல் வேண்டும். உங்கள் தெருவில் ஒரு குடிநோயர் வீடு இருக்கும். இத் திங்கள் முடிவதற்குள் அவ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவரை மருத்துவமனைக்கு உடனழைத்துச் செல்லுங்கள். மேடை காத்திருக்கும், மூழ்குபவன் காத்திரான்!