இறால் ஓட்டில் இருக்குது நம்ம வேலை!



போன வருஷம் எங்கம்மாவுக்கு முழங்கால் வலி தாங்கலை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 'குளுக்கோசமைன்' என்று போட்டிருந்தது. நூலகத்தில் தேடிப் படித்தேன். அந்த மருந்தைப் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்துதான் எடுக்கிறார்களாம்!

சிரிப்பதா, அழுவதா? எங்கம்மா இருபது வருஷமாகக் காசிமேட்டில் இறால் உரிக்கிறார். உரித்த ஓட்டைக் கூடை கூடையாகக் குப்பையில் கொட்டுகிறார். அது கொடுங்கையூர் மேட்டுக்குப் போகிறது. அதே மாதிரி ஓடு வேறெங்கோ மாத்திரையாகி, மூன்று நாள் கூலியை வாங்கிக்கொண்டு எங்க வீட்டுக்கு வருகிறது. சொன்னபோது அம்மா நம்பவில்லை. "இன்னாடா சொல்ற? நாத்தம் புடிச்ச ஓட்டுக்கா இம்மாம் துட்டு?" என்றார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

இறாலின் எடையில் ஏறக்குறைய பாதி தலையும் ஓடும்தான். ஓட்டில் முக்கியமாக இருப்பவை சுண்ணாம்பு, புரதம், கைட்டின். நீர்த்த அமிலத்தில் சுண்ணாம்பு கரையும். காரத்தில் புரதம் பிரியும். மிஞ்சுவது கைட்டின். அதை அடர்ந்த காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். காயத்துக்குக் கட்டவும், கலங்கின தண்ணீரைத் தெளிய வைக்கவும் அது பயன்படுகிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்த முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கிவிட்டது. நம்ம சென்னையிலேயே 'சீபா' எனும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், மீன் மார்க்கெட் கழிவிலிருந்து இறால் குட்டைக்கு 'பிளாங்டன் பிளஸ்', செடிகளுக்கு 'ஹார்ட்டி பிளஸ்' என்று இரண்டு பொருள்களைத் தயாரித்தது. பட்டினப்பாக்கம் பகுதி மீனவர்களுக்கு அந்த வேலையைக் கற்றும் கொடுத்தது.

பட்டினப்பாக்கத்தில் முடிந்தது காசிமேட்டில் முடியாதா?

உயிர்ப்பொருளை வைத்து நடக்கும் இப்படிப்பட்ட தொழில்களைத்தான் 'உயிரிப் பொருளாதாரம்' என்கிறார்கள். திருப்பூரில் பனியன், சிவகாசியில் தீப்பெட்டி மாதிரி, ஒரே ஊரில் அவை கூடி வளர்ந்தால் அது 'கிளஸ்டர்'. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 'பயோ இ3' என்ற கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. பொருளாதாரம், சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு மூன்றையும் அது பேசுகிறது. நல்லது! ஆனால் கொள்கை டெல்லியில் இருக்கு, பயோ பூங்கா தரமணியில் இருக்கு, ஓடு மட்டும் காசிமேட்டில் இருக்கு!

"வடசென்னைக்கு இன்னொரு கெமிக்கல் கம்பெனியா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதை நாம் மறக்க முடியுமா? அமிலமும் காரமும் கலந்த தண்ணீரை அப்படியே ஆற்றில் விட்டால், 'பயோ' என்று போர்டு மாட்டி என்ன பயன்?

இதனால்தான் கிளஸ்டர் வேண்டும் என்கிறேன். சின்ன யூனிட் ஒன்று தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. பத்து யூனிட் சேர்ந்தால் கட்டலாம். ஒருவர் கழிக்கிற புரதம் இன்னொருவருக்குத் தீவனம். டென்மார்க்கில் கலுண்ட்போர்க் என்று ஒரு துறைமுக ஊர். நம்ம பக்கம் போலவே அங்கேயும் சுத்திகரிப்பு ஆலை, மின் நிலையம் எல்லாம் உண்டு. 1972-இல் ஆலையில் மிஞ்சிய வாயுவைப் பக்கத்து ஜிப்சம் பலகைத் தொழிற்சாலை வாங்கத் தொடங்கியது. பிறகு மின் நிலையத்தின் நீராவி மருந்துத் தொழிற்சாலைக்கும், அந்தத் தொழிற்சாலையின் கழிவு வயலுக்கு உரமாகவும் போனது. பக்கத்து வீட்டில் தயிர் வாங்கி உறை ஊற்றுவது போலத்தான்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்க மாமா ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷம் கான்ட்ராக்ட் ஆளாகவே வேலை பார்த்தார். வயசானதும் "நாளையிலிருந்து வர வேணாம்" என்றார்கள். புகை எங்களுக்கு, வேலை வேறு யாருக்கோ என்பதுதான் இந்தப் பக்கத்துக் கதை. புதுசாக வருவதும் அப்படி ஆகக்கூடாது. இறால் உரிக்கும் பெண்களைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்து, அவர்களைப் பங்குதாரர்கள் ஆக்க வேண்டும். ஓட்டுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை வேண்டும். பம்பு, பாய்லர், லேப் பார்க்க டிப்ளமோ படித்த உள்ளூர்ப் பிள்ளைகளை நிரந்தரமாக எடுக்க வேண்டும்.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். முதல் வருஷம் என் சட்டையில் மீன் வாசம் அடிக்குமோ என்று கடைசி பெஞ்சில் உட்காருவேன். இப்போது வெட்கமில்லை. கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு இறால் ஓட்டைத்தான் எடுத்திருக்கிறேன். கூடை தருகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.

நாத்தம் அடிக்கும் நண்பர்களே! மூக்கைப் பிடிக்காமல் கூட வர்றவங்க வாங்க!