முன்னும் பின்னும்

கிறிஸ்தவ இல்லமொன்றிற் பிறந்த மாணவரொருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். முகத்தில் தெளிவில்லை. விடுதியில் அவருடன் ஓரறையில் வசிக்கும் நண்பர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆயினும் நல்லவர், நிறையப் படிப்பவர். அவர் லூக்கா சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்து 26ஆம் வசனத்தை விரித்துக் காட்டி, தாய் தந்தையரை வெறுக்காதவன் தமக்குச் சீடனாக முடியாதென்று இயேசு சொல்லியிருக்கிறாரே, இதுதானா உங்கள் அன்பு மார்க்கம் என்று வினவினாராம். நம் மாணவர் உடனே பெற்றோரைக் கனம்பண்ணச் சொல்லும் கற்பனையை எடுத்துக் காட்டினார். "அப்படியாயின் இரண்டில் எது மெய்?" என்று மறுகேள்வி பிறந்தது. அதற்கு விடையில்லை. தந்தையை இழந்த அவரைத் தையல் வேலை செய்து படிக்கவைத்தவர் தாயார். ஞாயிறுதோறும் அந்தத் தாயாரின் பக்கத்திலிருந்தே அவர் வேதவாசிப்பைக் கேட்கிறார்.

"ஐயா, இதற்கு எதிராகக் காட்டத்தக்க வலுவான வசனம் வேறு உண்டா?" என்றார்.

நாம் வேறு வசனம் தேடவில்லை. அதே அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னோம். விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் வயல் என்றும், மாடு என்றும், மனைவி என்றும் சாக்குச் சொல்லி நின்றுவிடும் கதை வந்தது. பின்னர் திரளான ஜனங்கள் அவர் பின்னே செல்கின்றனர். அவர்களை நோக்கித் திரும்பியே அந்தக் கடுமொழியைக் கூறுகிறார். அதனை அடுத்து வருபவை, செலவைக் கணக்கிடாமல் கோபுரம் கட்டத் தொடங்கியவன் கதையும், 10,000 பேருடன் 20,000 பேரை எதிர்க்க எண்ணும் அரசன் கதையும். திருவிழாக் கூட்டம்போலப் பின்தொடர்ந்தவர்களிடம், இவ்வழியின் விலையை எண்ணிப்பார்த்து வாருங்கள் என்று சொன்ன இடம் அது.

வெறுத்தல் என்னும் சொல்லோ எபிரேயர் வழக்கில், ஒப்பிடுமிடத்துக் குறைவாக நேசித்தலையும் குறிக்கும். ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தில், யாக்கோபு லேயாளைவிட ராகேலை அதிகமாய் நேசித்தான் என்று கூறியபின், அடுத்த வசனமே லேயாள் வெறுக்கப்பட்டாள் என்கிறது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்து 'வெறுப்பு' இல்லை. அற்பமாக எண்ணப்பட்டாள் என்னும் பொருளில் மொழிபெயர்த்திருக்கின்றனர். லூக்காவில் மாத்திரம் சொல்லை அப்படியே விட்டுவிட்டனர். மத்தேயு 10ஆம் அதிகாரமோ, தம்மைவிட அதிகமாய்ப் பெற்றோரை நேசித்தல் என்று அதே கருத்தை விளங்கவைக்கிறது. மேலும், காணிக்கை என்று சாக்குக் கூறிப் பெற்றோருக்கு உதவாது விட்டவர்களை மாற்கு 7ஆம் அதிகாரத்திற் கண்டித்தவரும், சிலுவையில் தொங்கும்போது தம் தாயைச் சீடனிடம் ஒப்புவித்தவரும் இவரே.

எனினும் அந்த மொழியின் கடுமை முற்றும் நீங்கிவிட்டதென்று நாம் சொல்லோம். தாய்க்கும் மேலாகத் தம்மை வைக்கும்படி ஒருவர் கேட்பது சிறு காரியமா? அதைத் தேனிற் குழைத்து நண்பரிடம் நீட்ட வேண்டாமென்றே மாணவருக்குச் சொன்னோம். பொருளைச் சரிவர அறிந்தபின் நண்பர் மறுப்பாராயின் மறுக்கட்டும். அவர் மறுப்பது உள்ளதையாவது மறுப்பதாகும்.

வசனத்தைப் பிய்த்தெடுப்பது நண்பரின் குற்றம் மட்டுமா? எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம் எத்தனையோ இல்லங்களின் சுவரிலே தொங்குகிறது. அதற்கு முந்திய வசனம், பாபிலோனில் 70 வருடம் கழியவேண்டும் என்கிறது. அக்கடிதத்தைக் கேட்ட முதியவர்கள் ஊர் திரும்பும் நாளைக் கண்டிருக்க மாட்டார்கள். அந்த 10ஆம் வசனத்தைச் சட்டமிட்டு மாட்டிய வீட்டை நாம் கண்டதில்லை! சோதனைக் காலத்தில் மாணவர் கொப்பிகளில் எழுதிவைக்கும் பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்து வசனமும், பசியையும் தாங்கப் பழகிய கைதியொருவரின் சொல்.

இவ்வசன எண்கள்தாமும் மூல ஆசிரியர்கள் இட்டவையல்ல. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டினது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்களை அச்சாளர் ரொபேர் எத்தியேன் 1551இல் இட்டார். இடத்தைக் கண்டுபிடிக்க உதவிய எண்ணே, துண்டாக எடுப்பதற்கும் வசதியாயிற்று.

யாழ்ப்பாணத்தார் இதனை முன்னமே அறிவர். நல்லூர் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உடனிருந்து உழைத்தவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. 1854இல் அவரே 'சைவதூஷண பரிகாரம்' எழுதி, சைவரின் கிரியைகளை இகழ்ந்தோருக்கு அவர்களுடைய வேதாகமத்திலிருந்தே விடை கூறினார். அத்தகையவரை ஒற்றை வசனத்தால் வாயடைக்க எண்ணியவர்கள் என்ன பாடுபட்டிருப்பர்!

மாணவர் இரு வாரங்கழித்துக் கடிதம் எழுதியிருந்தார். நண்பருடன் அமர்ந்து 14ஆம் அதிகாரம் முழுவதையும் வாசித்தாராம். நண்பர் கோவிலுக்கு வரவில்லை, வருவதாகவும் இல்லை. ஆனால் அன்றிரவு புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில், "ஏன் பதினான்கோடு நிறுத்திவிட்டாய்?" என்று கேட்டாராம். அடுத்த அதிகாரத்தில், வீட்டைவிட்டுப் போன மகன் தூரத்தே வருவதைக் கண்டு ஒரு தகப்பன் ஓடுகிறான்.