செவி இழந்த செபம்

செபக்கூட்டத்திற்குச் சென்று திரும்பும் நம்மவரிடம், "இன்று ஆண்டவரிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் நீளும். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், பாதியில் நிற்கும் வீடு, தீராத மூட்டுவலி. "சரி, ஆண்டவர் உங்களிடம் என்ன சொன்னார்?" என்று கேட்டாலோ நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு வருவதுபோல் செபித்துவிட்டு வருகிறோம். மனுவைப் பெறுகிறவருக்கும் நம்மிடம் சொல்ல ஏதேனும் இருக்கக்கூடும் என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை.

இக்குறையை இறைமக்களின் தலையில் மட்டும் சுமத்துவது அறமன்று. உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகள், வாசகங்களுக்குப் பின்னும், மறையுரைக்குப் பின்னும், நற்கருணை உட்கொண்ட பின்னும் மௌனம் காக்கச் சொல்கின்றன. அம்மௌனம் வழிபாட்டின் இடைவேளையன்று; வழிபாட்டின் ஒரு பகுதியே. நம் பங்குகளில் அது எங்கே போயிற்று? வாசகர் மேடையை விட்டு இறங்குமுன் பாடகர் குழு தொடங்கிவிடுகிறது. நற்கருணை நாவில் கரையுமுன் அறிவிப்புகள் வந்துவிடுகின்றன: திருவிழா வரி, அன்பியக் கூட்டம், நன்கொடையாளர் பெயர்கள். அரை நிமிடம் ஓசையில்லை என்றால், ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதோ என்று மக்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களைப் பழக்கியவர்கள் நாமே.

இன்னொரு சாரார் உளர். இவர்களிடம் ஆண்டவர் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். "ஆண்டவர் எனக்கு உணர்த்தினார்" என்று தொடங்கினால், முடிவில் வருவது பெரும்பாலும் வெளிநாட்டு விசா, பதவி உயர்வு, அல்லது பகையாளியின் வீழ்ச்சி. இவர்களிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றே: உங்களுக்குப் பிடிக்காத எதையேனும் ஆண்டவர் என்றாவது சொன்னதுண்டா?

சிறுவன் சாமுவேலின் கதையை மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தருகிறோம், பாதியோடு நிறுத்திவிடுகிறோம். அழைத்தவர் ஆண்டவர் என்பது அவனுக்குத் தெரியவில்லை. மும்முறை தவறாகப் புரிந்துகொண்டு குரு ஏலியிடம் ஓடினான். கண் மங்கிய அம்முதியவரின் துணையின்றி அவனுக்கு அக்குரல் விளங்கியிருக்காது. கேட்கக் கற்பது தனியாளின் வித்தையன்று என்பது முதற்பாடம். இரண்டாம் பாடத்தையே நாம் மறைக்கிறோம். சாமுவேல் கேட்ட முதற்செய்தி ஆசிச்செய்தியன்று. ஏலியின் குடும்பத்திற்கு எதிரான தீர்ப்பு. காணிக்கையைத் தின்று கொழுத்த மைந்தரைக் கண்டிக்காத குருவுக்கு எதிரான தீர்ப்பு. விடியும்வரை படுத்திருந்த சிறுவன் அதைச் சொல்ல அஞ்சினான். ஒன்றையும் மறைக்காதே என்று ஏலி வற்புறுத்திக் கேட்டார். அதற்காகவே அவரை நாம் மதிக்கவேண்டும். இறைக்குரல் முதலில் ஆலயத்தின் உள்ளே இருப்பவர்களைத்தான் சுடுகிறது.

ஆயின் கேட்கக் கற்பது எப்படி? குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில் 1950-இல் தொடங்கிய சாந்திவனம் போன்ற இடங்களுக்குச் சென்று மௌனம் பயின்றவர்கள் உண்டு. அவர்களை நாம் குறைகூறவில்லை. பேருந்துச் செலவுக்கே கணக்குப் பார்க்கும் நம் மக்களுக்கு அருகிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் ஏறினால் போதும். முதுநகரைத் தாண்டியதும் சிப்காட் தொழிற்பேட்டை. பயணிகள் கைக்குட்டையால் மூக்கை மூடுவர்; சில கிலோமீட்டரில் மறந்தும் போவர். உப்பனாற்றுக் கரையில் உள்ள குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் மக்களால் அப்படி மறக்க முடியாது. 1980-களிலிருந்து வேதிப்பொருள் ஆலைகளின் மூச்சே அவர்களின் மூச்சு.

தீய நாற்றத்தின் கொடுமை, அது பழகிவிடுவது. அழுகிய முட்டைபோல் நாறும் ஐதரசன் சல்பைடு என்னும் வாயு, செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று மனிதன் எண்ணும் வேளையில்தான் ஆபத்து முற்றியிருக்கும்.

2004-ஆம் ஆண்டில் அவ்வூர்களைச் சேர்ந்த எளிய மக்கள் சிலர், சிப்காட் பகுதிச் சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றனர். அவர்கள் கற்றது என்ன? "நாறுகிறது" என்று பொதுப்பட முனகாமல், அழுகிய முட்டைக்கோசு நாற்றமா, நகச்சாய நெடியா என்று பிரித்தறியக் கற்றார்கள். எத்தனை மணிக்கு, காற்று எத்திசையிலிருந்து, கண் எரிந்ததா, தலை சுற்றியதா என்று குறித்து வைத்தார்கள். ஒருவர் குறிப்பை மற்றவர் குறிப்போடு ஒப்பிட்டார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்திற்கு அனுப்பினார்கள். இருபதுக்கு மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் அதில் இருப்பது தெரியவந்தது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மிகக் கடுமையாக மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது கடலூரும் அதில் இடம்பெற்றது. ஊர்மக்களின் மூக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்ததை ஏடு பிறகு எழுதிக்கொண்டது.

ஆவிகளைத் தேர்ந்து தெளிதல் என்று நம் ஆன்மீக நூல்கள் கூறுவதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடு ஏதும் நமக்குத் தெரியவில்லை. 1521-இல் பாம்பலோனாப் போரில் கால் முறிந்து படுத்திருந்த இஞ்ஞாசியார் செய்ததும் இதுவே. வீரசாகசக் கனவுகளும் அவருக்கு இனித்தன. புனிதர்களைப்போல் வாழும் கனவும் இனித்தது. முன்னது போனபின் வறட்சியை விட்டுச் சென்றது, பின்னது மகிழ்ச்சியை விட்டுச் சென்றது என்பதைப் பல நாள் கவனித்த பின்னரே கண்டுகொண்டார். காற்று எங்கிருந்து வந்தது, எதை விட்டுச் சென்றது? அந்த ஒரு கேள்வியைப் பொறுமையோடு குறித்து வைக்கத் தொடங்கியவர் பின்னாளில் ஒரு சபையையே நிறுவினார்.

"இது சமூகப் பணி ஐயா, செபமன்று" என்பார் சிலர். எரியும் முட்புதரில் மோசேக்குத் தோன்றிய கடவுள், அடிமைகளின் கூக்குரலைக் கேட்டவராகவே தம்மை வெளிப்படுத்தினார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும் குரலுக்கு நம் காதை அடைத்துவிட்டு, அவருடைய குரல் மட்டும் நமக்குத் தனியே வரவேண்டும் என்று காத்திருப்பது என்ன வகைச் செபம்? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், பூமியின் கதறலையும் ஏழைகளின் கதறலையும் சேர்த்தே கேட்கச் சொன்னது. அதைக் கருத்தரங்கில் பாராட்டினோம், செபத்திற்குள் விடவில்லை. செபத்தை வீண்வேலை என்று கருதும் போராட்ட நண்பர்களுக்கும் ஒரு சொல் உண்டு. காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் எலியா ஆண்டவரைக் காணவில்லை. மெல்லிய ஒலியில் அவர் கேட்டது ஒரு கேள்வி: இங்கே உனக்கு என்ன வேலை என்று. அக்கேள்விக்கு நின்று பதில் சொல்லாதவன், தன் முழக்கத்தையே இறைவாக்கென்று நம்பிவிடுவான்.

தொழிற்பேட்டைக்கு அருகே நாங்கள் சிலர் சனிக்கிழமை மாலைகளில் அரைமணி நேரம் வாய்மூடி அமர்ந்து பார்த்தோம். முதல் வாரங்களில் கேட்டதெல்லாம் மின்விசிறியின் கிறீச்சொலியும் லாரிகளின் ஓசையும்தான். ஒருவர் குறட்டையே விட்டார். இரண்டாம் மாதம் ஓர் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: அடுத்த வீட்டுப் பிள்ளை இரவெல்லாம் இருமுகிறதாம், மூன்றாண்டுகளாக இருமிக்கொண்டுதான் இருக்கிறதாம். அந்த இருமல் கேட்காதபடி இவர் செபமாலையை உரக்கச் சொல்லிவந்தாராம்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் அந்தப் பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் கூடினோம். அதன் தாய் பாய் விரித்துவிட்டு, பிள்ளை இருமினால் செபத்திற்கு இடைஞ்சலாகுமே என்று கவலைப்பட்டார்.